கண் ரெப்பை காய்ஞ்சவங்களுக்கு டோக்கன் குடுத்த கதை

தோல் டாக்டர் வாசலில் டோக்கன் குடுக்கிற வேலைக்கு ரெண்டே தகுதிதான்: குரல் படிக்கட்டுக்குக் கீழே வரைக்கும் கேட்கணும், வர்றவங்க தோலைப் பார்த்து நம்ம மூஞ்சி கோணக் கூடாது.

எனக்கு ரெண்டும் இருந்தது. முப்பத்தஞ்சு வருசம் கடலிலும் ஏரியிலும் வலை போட்டவன். முட்டி மடங்க மாட்டேன்னதும் படகை விட்டு இறங்கிட்டேன். பழவேற்காடு பஜாரில் ஒரு மருந்துக்கடை மாடியில் செவ்வாயும் வெள்ளியும் ஒரு டாக்டரம்மா வந்து உட்கார்றாங்க. மீஞ்சூரிலிருந்து வர்றாங்க. அவங்க ரூமுக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதில் நான். படிப்பு மூணாங்கிளாஸ். நம்பர் எழுதுவேன், பார்த்த முகம் மறக்க மாட்டேன். டாக்டரம்மா புஸ்தகத் தமிழில் சொல்றதை எங்க ஜனங்களுக்குப் புரியுற மாதிரி திருப்பிச் சொல்றதும் என் வேலைதான். ஆடி மாசம் சேர்ந்தேன். ஐப்பசி வர்றதுக்குள்ள ஊரில் என் சொந்தப் பேரு போய் 'டோக்கன் நைனா' ஆயிட்டேன்.

படிக்கிற உங்களுக்கும் கண்ணோரம் காய்ஞ்சு, மீன் செதில் மாதிரி உரியுதா? சிரிச்சா ரெப்பை இழுக்குதா? தேய்ச்சா சுகமா இருந்து, தேய்ச்சு முடிச்சதும் முன்னைவிட அரிக்குதா? அப்போ நீங்க நம்ம ஆளு. நானும் கடலில் இருந்த வரைக்கும் அப்படித்தான் தேய்ச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். மொதல்ல கண்ணிலிருந்து கையை எடுங்க. எடுத்தாச்சா? இனிமேல் படிங்க.

எரிஞ்சாத்தான் மருந்து

சேர்ந்த மொத வாரம் ஒரு இஞ்சின் படகு டிரைவர் வந்தார். ரெண்டு ரெப்பையும் கருவாட்டுத் தோல் மாதிரி சுருங்கி, ஓரத்தில் வெள்ளையாக உரிஞ்சுக்கிட்டு இருந்தது. டாக்டரம்மா கிட்டே போனதுமே வாசனை பிடிச்சுட்டாங்க. "தலைவலித் தைலம் பூசுவீங்களா?" என்று கேட்டாங்க. பூசுவாராம். தினம் மூணு வேளை. நெத்தி, பொட்டு, புருவம். கடைசியாக விரலில் மிச்சம் இருக்கிறதை வீணாக்கக் கூடாதுன்னு கண்ணுக்குக் கீழே ஒரு இழுப்பு. தலைவலி எப்பவோ போயிருச்சாம். தைலம் மட்டும் போகலை.

"உடம்பிலேயே மெல்லிசான தோல் கண் ரெப்பைதான். தைலத்தை அது தாங்காது. இன்னையோட விட்டுடுங்க. நல்ல தண்ணியில முகம் கழுவி, ஈரம் காயறதுக்கு முன்னாடி இந்தக் களிம்பை லேசா ஒத்தி விடுங்க" என்று வாசனை இல்லாத ஒரு வெள்ளைக் களிம்பைக் காட்டினாங்க. அவர் அங்கேயே கொஞ்சம் தொட்டு வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒண்ணும் நடக்கலை. கண்ணில் தண்ணி வரலை, மூக்கும் ஒழுகலை. வெளியே வந்து என் காதோரம் குனிஞ்சு, ஏமாந்த ஆள் குரலில் சொன்னார்: "எரியவே இல்ல நைனா. எரியாத மருந்துக்கு இன்னா மரியாத?"

நிக்கிற துண்டு

அடுத்தவர் கடலோட சேர்ந்த எங்க உப்பு ஏரியில் வலை போடுறவர். டாக்டரம்மா அவரிடம், "முகத்தை எதால துடைக்கிறீங்க?" என்று கேட்க, தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசை மேல வச்சார். வச்ச துண்டு மடங்கிப் படுக்கலைங்க. கூடாரம் மாதிரி அப்படியே நின்னது. அவ்வளவு உப்பு. டாக்டரம்மா பேனா முனையால் தட்டிப் பார்த்தாங்க, டொக்டொக்குன்னு சத்தம் வந்தது. கடல்காத்து ஒரு பக்கம் தோலை உலர்த்த, தண்ணியில் மோதி வர்ற வெயில் ஒரு பக்கம் பொசுக்க, இந்த உப்புத் துண்டால் நாள் முழுக்கத் தேய்ச்சா ரெப்பை பாவம் இன்னா பண்ணும்? துண்டை நல்லா அலசிக் காயவைங்க, கண்ணைத் தேய்க்காம ஒத்தி எடுங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

ஒரு வாரம் கழிச்சு வந்தார். கண் அப்படியேதான் இருந்தது. துண்டும் அப்படியேதான் நின்னது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "துண்டை அலசவே இல்லையா நீங்க?" என்றாங்க. அவருக்கு அதைவிடக் கோபம். "இன்னா டாக்டரம்மா இப்பிடி கேட்டுட்டீங்க? தினம் மூணு வாட்டி அலசுறேன், படகுல குந்திக்கினே, ஏரித் தண்ணியில."

ஒத்தைக் கை

கண் ரெப்பைக்கு வைத்தியம் பார்க்கிறவங்க கையைத்தான் மொதல்ல பார்க்கணும்னு டாக்டரம்மா சொல்வாங்க. கையில் ஒட்டினது கையை ஒண்ணும் பண்ணாதாம், அங்கே தோல் தடிப்பு. அதே கையால் கண்ணைத் தொட்டா ரெப்பைதான் அனுபவிக்கும். அதனால் உள்ளே போற எல்லார்கிட்டேயும் "ரெண்டு கையையும் நீட்டிக்கினு போங்க" என்று நான் வாசலிலேயே சொல்லிடுவேன்.

ஒரு நாள் ஒரு பெரிய ஆள் வந்தார். மீன் ஏலத்தில் அவர் கனைச்சாலே பக்கத்தில் பேச்சு நின்னுடும். ரெப்பை ரெண்டும் சிவந்து தடிச்சிருந்தது. வலது கையை நீட்டினார். இடது கை பேண்ட் பாக்கெட்டை விட்டு வரலை. டாக்டரம்மா மூணு தடவை கேட்டதும் வெளியே எடுத்தார். அஞ்சு விரல் நகத்திலும் ரோஸ் கலர் பாலிஷ், அதில் மினுமினுப்பு வேற. அவர் பொண்ணுக்கு ஆறு வயசு. ஞாயித்துக்கிழமையானா அப்பா கையைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பூசுவாளாம், அவளுக்கு இடது கைப் பக்கம்தான் உட்கார வசதியாம். அந்த பாலிஷ்தான் ஆகலைன்னு தெரிஞ்சது. படியிறங்கும்போது என்கிட்ட வந்து, "வெளிய சொல்லிடாத நைனா, கடல்ல எனக்குன்னு ஒரு பேரு இருக்குது" என்றார்.

எங்க வீட்டு ரெப்பை

ஊரார் கதையைச் சொல்லிட்டு வீட்டுக் கதையை மறைச்சா நல்லா இருக்காது. என் பொண்டாட்டி கன்னியம்மா மீன் விக்கிறவ. காலையில் ஏலத்தில் கூடையை எடுத்துக்கிட்டு, பத்துப் பொம்பளைங்க சேர்ந்து பேசி வச்சிருக்கிற ஷேர் ஆட்டோவில் மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போவா. அந்த ஆட்டோவில் ஒரு இடம் லேசில் கிடைக்காது. எங்க ஏரியில் நல்ல மீன் படுற இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை விட முடியாதுங்க. இன்னைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு அடுத்த கூட்டம்னு முறை வச்சிருக்கோம், அதுக்குப் பாடுன்னு பேரு. ஆம்பளைங்க ஏரியில் வச்ச பாடு முறையைப் பொம்பளைங்க ஆட்டோவில் வச்சுட்டாங்க. டிரைவருக்குப் பின்னால முதுகு சாய்ச்சுக் குந்துறது நல்ல இடம். பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் குந்துறது கேடுகெட்ட இடம். தினம் ஒவ்வொருத்தரும் ஒரு இடம் நகரணும். தை அமாவாசை அன்னைக்குப் பத்து பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, யார் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறதுன்னு முடிவு பண்ணுவாங்க. சீட்டில் பேரு இல்லைன்னா அந்த வருசம் முழுக்க ஆட்டோ இல்லை. பஸ்ஸில் மீன் கூடையை ஏத்த மாட்டாங்க. அப்புறம் மீஞ்சூர் வாடிக்கையெல்லாம் அடுத்தவ கைக்குப் போயிடும்.

ஐப்பசியில் கன்னியம்மா ரெப்பை காய ஆரம்பிச்சது. கார்த்திகையில் சிவந்து, தடிச்சு, மேல் ரெப்பை பொடிப்பொடியா உதிர்ந்தது. ஒட்டுவாரொட்டி கண்ணு நோவுன்னு ஆட்டோவில் யாரோ கிளப்பி விட்டாங்க. மொதல்ல அவளைத் தினமும் பின்பலகையிலேயே குந்த வச்சாங்க. மார்கழி பொறந்ததும் வரவே வேணாம்னுட்டாங்க. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, தேசம்மான்னு பேரு. நல்லவதான், மனசில் இருக்கிறது நேரா வாய்க்கு வந்துடும், அவ்வளவுதான். எங்க வீட்டு வாசலில் நின்னு சொல்லிட்டுப் போனா: "தை அமாவாசைக்குள்ள கண்ணு சரியானா சீட்டுல உன் பேரு கன்னிம்மா. இல்லன்னா என் சின்ன மருமவ பேரு."

கன்னியம்மா வீட்டு வாசலிலேயே கூடையை வச்சு வித்தா. மீன் பிடிக்கிற ஊரில் மீனை யார் வாங்குவாங்க? மிஞ்சினதுக்கெல்லாம் உப்பு வச்சுக் கருவாடாக்கினா. டாக்டரம்மாகிட்ட வான்னு கூப்பிட்டேன். வர மாட்டேன்னா. "அது தோல் டாக்டரு, எனக்கு நோவு கண்ணுல" என்றா. அது ஒரு சாக்கு. அசல் காரணம் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தது: "நீ ஸ்டூல்ல குந்திக்கினு நம்பர் கூவுவ, நான் ஊரு முன்னால எழுந்து நிக்கணுமா? டாக்டரு வாசல்ல இருக்கிறவன் பொண்டாட்டிக்கே கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு பேச மாட்டாங்களாய்யா?"

முறை வச்ச டியூப்

இதுக்கு நடுவில் க்ளினிக்கில் ஒரு கூத்து. ஆறுமுகம்னு ஒருத்தர், ஆறு பேர் சேர்ந்து போற படகில் போறவர். அவருக்கு ரெப்பை வெடிச்சு, நுனியில் லேசா ரத்தமே வந்திருந்தது. டாக்டரம்மா ஒரு சின்ன டியூப் எழுதிக் குடுத்து, காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, ஏழே நாள், அதுக்கு மேல ஒரு நாள்கூடப் பூசக் கூடாதுன்னு கண்டிச்சு அனுப்பினாங்க. பதினாலு நாள் கழிச்சு வந்தார். டியூப் வழிச்சு எடுத்து வத்தல் மாதிரி காலி. கண் வெடிப்பு அப்படியே இருந்தது.

"சொன்ன மாதிரி பூசினீங்களா?"

"பூசினேன் டாக்டரம்மா. என் முறை வந்தப்பல்லாம் தவறாம பூசினேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு, அவங்களுக்கு எடுத்துச் சொன்னேன். படகில் ஆறு பேருக்கும் கண்ணோரம் காய்ஞ்சுதான் கிடந்திருக்கு. இருக்கிறது ஒரே டியூப். ஏரியில் செய்யுற மாதிரியே செஞ்சுட்டாங்க. திங்கக்கிழமை ஆறுமுகம், செவ்வாய்க்கிழமை அடுத்தவர்னு பாடு வச்சுட்டாங்க. ஒருத்தர் ஊருக்குப் போன நாளில் அவர் முறையை மச்சானுக்கு விட்டுக் குடுத்திருக்கார். ஒருத்தர் முறை தவறி ரெண்டு நாள் பூசிட்டார்னு பஞ்சாயத்து வேற நடந்திருக்கு. ஆக மொத்தம் ஆறு பேர் கண்ணிலும் மருந்து பட்டது, ஒருத்தர் கண்ணும் ஆறலை.

கண் மருந்தைப் பங்கு போட்டா ஒருத்தர் கண்ணில் இருக்கிறது அடுத்தவர் கண்ணுக்குப் போகும், அவங்கவங்களுக்கு வேண்டிய மருந்தே வேற வேறயா இருக்கலாம், ஆறு பேரும் தனித்தனியா வந்து காட்டணும்னு டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. ஆறுமுகம் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு, எழுந்திருக்கும்போது நியாயம் கேட்டார்: "அவ்ளோ பெரிய ஏரி, அதையே முறை வச்சு சண்ட இல்லாம பிடிச்சுக்கினு இருக்கோம். சுண்டு விரல் நீளம் இருக்குது இந்த டியூபு, இதுக்கு ஆளுக்கு ஒண்ணு வேணும்ன்றீங்களே டாக்டரம்மா?"

என்னோட வைத்தியம்

பொண்டாட்டி டாக்டர்கிட்ட வரலைன்னா டாக்டர் வாசலில் காதில் விழுந்ததையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு கிளம்பினேன். மொதல்ல தைல பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். அடுத்து அவள் முகம் துடைக்கிற துணியைப் பைப்புத் தண்ணியில் நானே அலசினேன். வாசனை சோப்பைப் பரண் மேல ஒளிச்சு வச்சேன். கொசுவத்திச் சுருளை வாசலுக்கு நகர்த்தினேன், கொசுவெல்லாம் உள்ளே வந்துருச்சு. ஒரு மத்தியானம் அவள் கண்ணசந்த நேரம் நகத்தில் பாலிஷ் இருக்கான்னு விரலைத் தூக்கிப் பார்த்தேன். முழிச்சுக்கிட்டு, "மோதிரம் எதுனா போடப் போறியா?" என்றா. பாலிஷ் இல்லை. அந்தக் கையில் வேற இன்னா இருக்குன்னு பார்க்க எனக்குத் தோணலை.

ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சேன். அது என் கெட்டிக்காரத்தனம்னு அப்போ நினைச்சேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, திங்கக்கிழமை காலையில் மட்டும் ரெப்பை ரெண்டு மடங்கு வீங்கும். அப்போ ஞாயித்துக்கிழமை வீட்டில் நடக்கிற ஏதோ ஒண்ணுதான் காரணம். ஞாயித்துக்கிழமை இன்னா நடக்குது? நண்டுக் குழம்பு. நண்டை நிறுத்தினேன். எங்க வீட்டில் நண்டு இல்லாத ஞாயித்துக்கிழமை கல்யாணமான நாளிலிருந்து கிடையாது. ரெண்டு ஞாயித்துக்கிழமை ரசம் சாப்பிட்டோம். அடுத்த திங்கக்கிழமை காலையில் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துட்டுக் கன்னியம்மா திரும்பினா. ரெண்டு கண்ணும் பாதிதான் திறந்திருந்தது, அந்தப் பாதியிலேயே என்னை எரிச்சுட்டா. "தைலம் போச்சு, சோப்பு போச்சு, நண்டும் போச்சு. இந்த வீட்டுல எடுத்துப் போட இனிமே பாக்கி இருக்கிறது நீ ஒருத்தன்தான்யா."

இருபத்தி மூணாம் நம்பர்

அமாவாசைக்கு மூணு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவளே வந்தா. கூட்டமெல்லாம் போகட்டும்னு கீழே மருந்துக்கடையில் நின்னு, கடைசி ஆளா படியேறினா. எதிரே பெஞ்சில் அவள் ஒருத்திதான். பழக்க தோசத்தில் நான், "நம்பர் இருவத்தி மூணு" என்று கத்திட்டேன். "வேற யாருய்யா இருக்கா இங்க, என் மூஞ்சிக்கு நேரா கூவுற" என்று சொல்லிக்கிட்டே உள்ளே போனா. நானும் பின்னால போனேன்.

டாக்டரம்மா கண்ணை ஒரு பார்வைதான் பார்த்தாங்க. கையை ரெண்டு நிமிசம் பார்த்தாங்க. உள்ளங்கை சுத்தம். நகக்கணுவில் மட்டும் கறுப்பு.

"இது என்னம்மா கறுப்பு?"

"கணவா மையா இருக்கும். மீன்காரிதானே டாக்டரம்மா நானு."

டாக்டரம்மா பஞ்சில் தொட்டுத் துடைச்சாங்க. போகலை. கணவா மீன் கக்குற மை கழுவினா போயிடும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"தலைக்கு டை அடிப்பீங்களா?"

"நானா?" என்று கன்னியம்மா முக்காட்டை எடுத்துத் தலையைக் காட்டினா. பாதிக்கு மேல நரை. "எனக்கு எதுக்கு டாக்டரம்மா அதெல்லாம்?"

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பி என் தலையைப் பார்த்தாங்க.

இங்கே உங்ககிட்ட ஒரு விஷயம் ஒத்துக்கணும். இவ்வளவு நேரம் சொல்லாம விட்டுட்டேன், நீங்களும் கேட்கலை. இந்த வேலைக்குச் சேர்ந்ததும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் குந்துறோமே, கொஞ்சம் இளமையா இருக்கலாம்னு ஒரு ஆசை வந்துடுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, நண்டு அடுப்பில் கொதிக்கும்போது, கன்னியம்மா என்னைக் கொல்லைப்பக்கம் குந்தவச்சு, கொட்டாங்குச்சியில் டையைக் கரைச்சு, வெறுங்கையால் தலைக்கும் மீசைக்கும் பூசி விடுவா. பாக்கெட்டில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை இருக்கும். அதை அவள் போட மாட்டா. கருவாடு பொட்டலம் கட்ட ஆகும்னு எடுத்து வச்சுக்குவா. ஊரில் யாராவது "இன்னா நைனா, ஒரு நரைகூட இல்ல" என்று கேட்டா, எல்லாம் கானாங்கத்தை மீன் சாப்பிட்டதால்தான்னு வாய் கூசாமச் சொல்வேன்.

டை சில பேருக்கு ஆகாதாம், டாக்டரம்மா சொன்னாங்க. கொஞ்ச நாள் சும்மா இருந்துட்டு, அப்புறம் ஒரு நாள் உடம்பு அதை வேணாம்னு சொல்லுமாம். கை சொல்லாது, கண் ரெப்பை சொல்லும். இது ஒட்டுற நோய் இல்லை, டையை இனிமேல் அவள் தொடவே கூடாது, நல்ல தண்ணியில் மட்டும் முகம் கழுவணும், டியூப் சொன்ன நாள் வரைக்கும் மெல்லிசா, அப்புறம் வெள்ளைக் களிம்பு, தேய்க்கவே கூடாதுன்னு வரிசையா சொன்னாங்க. எல்லாத்தையும் எழுதி அவள் கையில் குடுத்துட்டு, பேனாவை மூடிக்கிட்டே என்னைப் பார்த்து ஒரு வார்த்தை: "மருந்து இவங்களுக்கு. பத்தியம் உங்களுக்கு."

ஆட்டோ ஸ்டாண்டில்

ரெண்டரை வாரத்தில் கன்னியம்மா கண்ணு தெளிஞ்சுடுச்சு. கண்ணைச் சுத்தி லேசா ஒரு கருமை மட்டும் மிச்சம். ஆனா தேசம்மா ஒத்துக்கலை. இன்னைக்குச் சரியானது சீட்டு குலுக்கின மறுநாள் திரும்ப வந்தா இன்னா பண்றது, எதனால் வந்ததுன்னு தெரியாம பேரு எழுத முடியாதுன்னுட்டா. கன்னியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவள் சொல்லலை. கேட்டவங்ககிட்டயெல்லாம், "இன்னாவோ ஒத்துக்கல" என்று மட்டும் சொல்லியிருக்கா. எனக்குத் தெரிஞ்சதும், "ஏன் கன்னிம்மா, உள்ளத சொல்லிடறது தானே?" என்றேன். மீனை ஆய்ஞ்சுக்கிட்டே, தலை தூக்காமச் சொன்னா: "நீ கானாங்கத்த கத சொல்லிக்கினு திரியும்போது நான் பொய்யின்னு சொல்லல. இப்ப மட்டும் எப்பிடி சொல்றது?"

அமாவாசை அன்னைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. ஆட்டோ ஸ்டாண்டில் பொம்பளைங்க சீட்டெழுதக் குந்தியிருந்தாங்க. நேரா போய் நின்னேன். கடைசியா டை பூசி நாலு வாரத்துக்கு மேல ஆயிருந்தது. வேரில் வெள்ளை, நுனியில் கறுப்பு, மீசை ஒரு பக்கம் செம்பட்டை. இத்தனை நாள் தொப்பி போட்டு மறைச்சதை அங்கே கழட்டினேன். "தேசம்மா, கன்னியம்மா கண்ணுல வந்தது ஒட்டுற நோவு இல்ல. எனக்குத் தலைக்கு டை பூசி விட்டதுல வந்துச்சு. டாக்டரம்மா கையப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. இனிமே டை இல்ல, அந்த வீக்கமும் இல்ல."

தேசம்மா எழுந்தா. "டையா? அண்ணாத்த, நீ சொன்னத கேட்டுக்கினு ஆறு மாசமா எங்க வூட்டு ஆளுக்குக் கானாங்கத்தையா போட்டுக்கினு இருக்கேன். அந்தாளு பேரு சொன்னாலே ஓடுறாரு." கன்னியம்மா எங்கேயோ வேற பக்கம் பார்த்துக்கிட்டு நின்னா. தேசம்மா என்கிட்ட வந்து, ஏலத்தில் மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, ரெண்டு விரலால் என் முடியைத் தூக்கி வேரைப் பார்த்தா. காதோரம் பார்த்தா. பின்மண்டையைத் திருப்பிப் பார்த்தா. கையை முந்தானையில் துடைச்சுக்கிட்டு, சீட்டெழுதுறவங்க பக்கம் திரும்பினா. "மீன் பழசுதான்டி. மேல ஐஸ் தூவி நம்மள ஏமாத்திக்கினு இருந்துருக்கு. கன்னிம்மா பேர எழுதுங்க."

குலுக்கினதில் கன்னியம்மாவுக்கு வந்தது பின்பலகை. மறுநாள் காலையில் கூடையை மடியில் வச்சுக்கிட்டு, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, எதிர்க்காத்துக்குக் கண்ணை மூடாம மீஞ்சூருக்குப் போனா. இப்போ என் தலை முழுசும் வெள்ளை, அவள் கண்ணோரம் முழுசும் தெளிவு. ஒரே வீட்டில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அழகா இருக்க முடியாதுன்னு நாங்க பேசி முடிவுக்கு வந்துட்டோம்.